தம்பியிடம் யாரும் கேட்கவில்லை

மிஷெல் டாசன் கனடாவில் தபால்காரராக வேலை பார்த்தவர். மான்ட்ரியால்காரர், ஆட்டிச நிலையாளர், அதாவது ஆட்டிசம் உள்ளவர். ஆராய்ச்சிப் பட்டம் என்று எதுவும் கிடையாது. 2000-களின் தொடக்கத்தில் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தின் வழியாக, அதே ஊரில் ஆட்டிச ஆய்வு செய்துவந்த மனநல மருத்துவர் லோரன் மோத்ரோனின் அறிமுகம் கிடைத்தது. மோத்ரோன் தன் கட்டுரைகளை அவரிடம் படிக்கக் கொடுத்தார். டாசன் வரிவரியாகப் படித்து எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று சொன்னார். அப்புறம் அவரும் அந்த ஆய்வுக் குழுவில் ஒருவராகிவிட்டார்.

அந்தக் குழு 2007-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் முதல் பெயர் டாசனுடையது. ஆட்டிசக் குழந்தைகள் 38 பேருக்கு இரண்டு விதமான அறிவுத்திறன் சோதனைகளை வைத்திருந்தார்கள். ஒன்று வெக்ஸ்லர். அதில் பல பகுதிகளுக்கு வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். ஒரு சொல்லுக்கு அர்த்தம் என்ன, இப்படி நடந்தால் நீ என்ன செய்வாய் என்ற மாதிரியான கேள்விகள். இன்னொன்று ரேவன். வடிவங்கள் வரிசையாக இருக்கும், ஒரு கட்டம் மட்டும் காலி. எது அங்கே பொருந்தும் என்று விரலால் காட்டினால் போதும்.

வெக்ஸ்லரில் அந்தக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கு அறிவுத்திறன் குறைபாடு என்ற கட்டத்தில் விழுந்தார்கள். உயர்ந்த கட்டத்தில் ஒருவர்கூட இல்லை. அதே குழந்தைகள் ரேவனில் எப்படி? குறைபாட்டுக் கட்டத்தில் வெறும் 5 சதவீதம். மூன்றில் ஒரு பங்கினர் நூற்றில் முதல் பத்துக்குள் வரும் உயரத்தில் இருந்தார்கள். ஆட்டிசம் இல்லாத குழந்தைகளுக்கோ இரண்டு சோதனையிலும் மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றுதான்.

ரேவன் சோதனை 1938-இலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. ஆட்டிசத்தைப் பற்றி லியோ கேனர் எழுதிய பெயர்பெற்ற கட்டுரைக்கும் ஐந்து வருடம் மூத்தது. கருவி கையிலேயே இருந்திருக்கிறது. அதில் வரும் நல்ல மதிப்பெண்ணை ‘ஏதோ ஒரு தனித்திறன்’ என்று ஒதுக்காமல், இதுதான் அறிவு என்று எடுத்துக்கொண்டு வாதாட ஆள் இல்லை. டாசன் வந்தபின்தான் தங்கள் குழு பல அனுமானங்களைக் கேள்வி கேட்கத் தொடங்கியது என்று மோத்ரோனே 2011-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்.

ஆட்டிச நிலையாளர்களின் கருத்தை மதிக்க வேண்டும் என்று சொன்னால் பலர் அதை ஒரு பண்பாடாக, நல்ல மனசாக எடுத்துக்கொள்கிறார்கள். கருத்தரங்கு மேடையில் ஒரு நாற்காலி, ஒரு பொன்னாடை, ஐந்து நிமிடப் பேச்சு. நான் கேட்பது அதைவிடப் பெரியது. அவர்கள் இல்லாத அறையில் கேள்வியே தப்பாக எழுதப்படுகிறது. தப்பான கேள்விக்கு வரும் விடையை வைத்து ஒரு குழந்தையின் பள்ளிக்கூடம், மருத்துவம், வாழ்க்கை எல்லாம் தீர்மானிக்கப்படுகிறது.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை இருப்பதற்குக் காரணம் என் தம்பி. 26 வயது. ‘தண்ணி’, ‘போலாம்’, ‘வேணாம்’ என்று சில சொற்கள் உண்டு. எல்லா நேரமும் வராது. மற்றதைப் போனில் இருக்கும் படங்களைத் தொட்டுச் சொல்வான், அல்லது செய்து காட்டுவான். அவனைப் பற்றி எங்கள் வீட்டு பீரோவில் ஒரு தலையணை கனத்துக்குக் காகிதங்கள் இருக்கின்றன. அத்தனையும் மற்றவர்கள் சொல்லி மற்றவர்கள் எழுதியவை.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக நம் நாட்டில் பயன்படுத்தும் ஆட்டிச அளவுகோலில் 40 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 70 வந்தால் ஆட்டிசம், 40 சதவீத ஊனம். கண்ணைப் பார்க்கிறானா, சிரித்தால் சிரிக்கிறானா, தனியாக ஒதுங்குகிறானா என்று போகும். அவனைக் கவனித்தும் அம்மா அப்பாவைக் கேட்டும் நிரப்புவார்கள். அந்தச் சான்றிதழ் இருப்பதால்தான் அவனுக்கு நிராமயா என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடைக்கிறது, அதனால் அந்தத் தாளின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் அது வெளியிலிருந்து பார்ப்பதை மட்டுமே அளக்கும். உள்ளே இருப்பவருக்கு என்ன நடக்கிறது என்பதற்கு வேறு யாரிடமாவது போக வேண்டும்.

ஈர்க்குச்சி விஷயத்தில்தான் எனக்கு இது நன்றாக விளங்கியது. தம்பி விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிக்கொண்டே இருப்பான். எந்தக் குச்சியும் ஆகாது; நுனி மெல்லிசாக, வளைந்தால் திரும்ப நிமிர வேண்டும். குக்கர் விசில் அடிக்கும் என்று தெரிந்தால் ஒரு கை காதில், ஒரு கையில் குச்சி. சிறுவனாக இருந்தபோது போன ஒரு பயிற்சி மையத்தில் வாசலிலேயே குச்சியை வாங்கி வைத்துவிடுவார்கள். சொன்ன வேலையைச் செய்தால் பரிசாக ஒரு நிமிடம் கையில் கொடுப்பார்கள், பிறகு பிடுங்கிக்கொள்வார்கள்.

“மிஸ், குச்சியக் குடுத்துட்டு வேலை சொல்லிப் பாருங்களேன்” என்று அம்மா கேட்டார்.

“குடுத்தா கவனிக்க மாட்டான்மா. அதத்தான் மொதல்ல நிறுத்தணும்.”

தம்பி ஆட்டோவில் ஏற மறுக்க ஆரம்பித்தான். வேறு எங்கே போவதென்றாலும் ஏறுவான், அந்த நேரத்து ஆட்டோவில் மட்டும் மாட்டான். செருப்பைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவான். மையத்தின் குறிப்பேட்டில் ‘ஒத்துழைப்பு குறைந்துள்ளது’ என்று எழுதினார்கள். அம்மா மையத்தை நிறுத்திவிட்டார்.

பல வருடம் கழித்து, 2019-இல் வந்த ஓர் ஆய்வைப் படித்தேன். ஸ்டீவன் காப் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிச நிலையாளர்தான், தன் குழுவோடு சேர்ந்து வயதுவந்த ஆட்டிச நிலையாளர்கள் 32 பேரிடம் இந்தக் கையாட்டல், உடலசைத்தல் பற்றியே விரிவாகக் கேட்டிருந்தார். இரைச்சலும் வெளிச்சமும் தாங்க முடியாமல் போகும்போது, உணர்ச்சி பொங்கும்போது, அசைவுதான் தங்களை நிலைப்படுத்துகிறது என்று சொன்னார்கள். சந்தோஷத்திலும் வரும் என்றார்கள். அதை ஒழிப்பதையே குறிக்கோளாக வைக்கும் சிகிச்சைகளை அவர்கள் ஏற்கவில்லை. தம்பியால் சொல்ல முடியாததை யாரோ முன்பின் தெரியாதவர்கள் எனக்குச் சொல்லிவிட்டார்கள். கவனம் சிதறுகிறது என்று மிஸ் நினைத்த இடத்தில், கவனத்தைக் கட்டிப் பிடித்து வைத்திருந்ததே அந்தக் குச்சிதான் என்று இப்போது நினைக்கிறேன்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொன்று 2021-இல் வந்தது. சிறு குழந்தைகளுக்கான ஆட்டிசப் பயிற்சிகளைப் பற்றிய 150 ஆய்வுகளை கிறிஸ்டன் போட்டமா-பியூட்டல் என்பவரின் குழு எடுத்து, ஒரே ஒரு விஷயத்தைத் தேடியது: இந்தப் பயிற்சியால் குழந்தைக்கு ஏதாவது கெடுதல் நடந்ததா என்று யாராவது பதிவு செய்திருக்கிறார்களா? 11 ஆய்வுகளில்தான் அதைப் பற்றிய பேச்சே இருந்தது. காய்ச்சல் மாத்திரையைப் பரிசோதிப்பவர்கூட வாந்தி, அரிப்பு என்று எழுதியாக வேண்டும். வாரத்துக்கு எத்தனையோ மணி நேரம் ஒரு பச்சைக் குழந்தையை உட்காரவைத்துச் செய்யும் பயிற்சிக்குப் பக்கவிளைவே இருக்காது என்று எப்படி முடிவு செய்தார்கள்? ஆட்டோவில் ஏற மறுத்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

ஆட்டிசத்துக்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம், அவர்களுக்கு மற்றவர் மனம் புரியாது என்பது. இங்கிலாந்தின் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-இல் இதைத் திருப்பிக் கேட்டார். அவரும் ஆட்டிச நிலையாளர். ஆட்டிசமுள்ள மகனுக்குத் தகப்பனும்கூட. உங்களுக்கு எங்கள் மனம் புரிகிறதா என்பது அவர் கேள்வி. புரிதல் என்பது இரண்டு பேர் சம்பந்தப்பட்டது. அது அறுந்தால் ஒருவரிடம் மட்டும் எப்படிப் பழுது இருக்கும் என்றார்.

எடின்பரோவில் கேத்தரின் கிராம்ப்டனின் குழு 2020-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. ஒருவர் காதில் சொன்ன கதையை அடுத்தவருக்குக் கடத்தும் விளையாட்டு நமக்கெல்லாம் தெரியும். அதே மாதிரி எட்டுப் பேர் கொண்ட வரிசைகள். ஆட்டிச நிலையாளர்கள் மட்டும் இருந்த வரிசையில், மற்றவர்கள் மட்டும் இருந்த வரிசைக்குச் சமமாகக் கதை கடந்து போனது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் அதிகம் உதிர்ந்தது. 2025-இல் இன்னும் பெரிய அளவில் செய்தபோது அந்தக் கலப்பு வரிசைக் குறைவு தென்படவில்லை, மூன்று வகையும் ஒரே மாதிரி வந்தன. அதையும் அதே குழுதான் வெளியிட்டது. ஆனால் ஆட்டிச நிலையாளர்களுக்குத் தகவல் பரிமாறத் தெரியாது என்ற பேச்சுக்கு இரண்டு ஆய்வுகளிலும் ஆதாரம் கிடைக்கவில்லை. மில்டன் கேட்காமல் இருந்திருந்தால் இப்படியொரு சோதனை வைக்க யாருக்குத் தோன்றியிருக்கும்?

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலிருந்து வருவது. கிறிஸ்டினா நிக்கோலைடிஸ் ஒரு மருத்துவர், ஆட்டிசமுள்ள மகனின் தாய். டோரா ரேமேக்கர் ஆட்டிச நிலையாளர். இருவரும் 2006-இல் ஆஸ்பயர் என்ற ஆய்வுக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். அங்கே எந்தத் தலைப்பை ஆராய்வது என்பதில் தொடங்கி, முடிவை எழுதுவதுவரை ஆட்டிச நிலையாளர்கள் சம உரிமையோடு உட்காருகிறார்கள். நேரில் பேசுவது சிலருக்குக் கடினம் என்பதால் கூட்டங்களை எழுத்து உரையாடலாகவே நடத்தினார்கள். முடிவெடுக்கும்போது ஒவ்வொருவரும் ஒன்றிலிருந்து ஐந்துவரை ஒரு விரல் எண்ணைச் சொல்ல வேண்டும். ஒன்று என்றால் அருமை, ஐந்து என்றால் என்னால் ஏற்கவே முடியாது. ஐந்து என்று ஒருவர் சொன்னால் எல்லோரும் நின்று, பேசி, மாற்றுவார்கள். கத்திப் பேசுபவர் ஜெயிக்கும் கூட்டம் இல்லை அது. நம் அலுவலகங்களுக்கே இந்த முறை தேவை.

பல வருடமாகப் பயன்பட்டுவரும் மருத்துவக் கேள்வித்தாள்களை ஆஸ்பயரில் இருந்த ஆட்டிச நிலையாளர்களிடம் கொடுத்தபோது, ‘பொதுவாக’, ‘சில சமயம்’ போன்ற சொற்களில் சிக்கினார்கள். எதோடு ஒப்பிட்டுச் ‘சில’? எங்கே, யாரோடு இருக்கும்போது? அதனால் கேள்விகளைத் திருத்தினார்கள், சொற்களுக்கு விளக்கம் சேர்த்தார்கள். யோசித்துப் பார்த்தால், முன்பு அதே தாளை நிரப்பிக் கொடுத்த எத்தனை ஆட்டிச நிலையாளர்களின் விடை கேள்வி புரியாமல் வந்த விடையோ! கடைசியில் அவர்கள் உருவாக்கியது மருத்துவரிடம் கொடுக்கும் ஒரு கடிதம். நோயாளியே நிரப்பலாம், அல்லது தெரிந்தவர் துணையோடு நிரப்பலாம். என்னைத் தொடுமுன் சொல்லுங்கள், விளக்கைக் குறையுங்கள், வலி எப்படி இருக்கிறது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று அவரவருக்கு வேண்டியது அதில் வரும். இப்படியொரு தாள் தமிழில் இருந்தால் நம் அரசு மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவில் எவ்வளவு அழுகை மிச்சமாகும்!

பணம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 2007-க்கும் 2011-க்கும் இடையே ஆட்டிச ஆய்வுக்குச் செலவான தொகையை லிஸ் பெலிகானோவின் குழு கணக்கெடுத்தது. பாதிக்கும் மேல் மூளை, உயிரியல், அறிதல் பற்றிய ஆய்வுகளுக்கு. ஆட்டிச நிலையாளர்களிடமும் குடும்பங்களிடமும் கேட்டபோது, அன்றாட வாழ்க்கைக்கு உதவும் ஆய்வுதான் வேண்டும் என்றார்கள்: நல்ல சேவைகள், வேலை, பெரியவர்களானபின் என்ன செய்வது.

இந்த இடைவெளி பெரிதாகி 2021-இல் வெடித்தது. கேம்பிரிட்ஜின் சைமன் பேரன்-கோஹன் தலைமையில் ‘ஸ்பெக்ட்ரம் 10கே’ என்ற திட்டம் ஆகஸ்டில் தொடங்கியது. ஆட்டிச நிலையாளர்கள் 10,000 பேரின் எச்சில் மாதிரியும் விவரங்களும் சேகரிப்பதாக ஏற்பாடு. செலவு 30 லட்சம் பவுண்டு. அறிவிப்பு வந்ததும் ஆட்டிச நிலையாளர்களே திரண்டு எதிர்த்தார்கள். எங்கள் மரபணு யாருடன் பகிரப்படும்? நாளைக்குக் கருவிலேயே கண்டுபிடித்துக் கலைக்க இது உதவாது என்பதற்கு என்ன உறுதி? திட்டம் போடும்போது எங்களில் எத்தனை பேரைக் கேட்டீர்கள்? ஆட்டிசத்தை ஒழிப்பது தங்கள் நோக்கமில்லை என்று குழு சொன்னது. அதை நான் நம்புகிறேன். ஆனாலும் செப்டம்பரில் திட்டத்தை நிறுத்திவைத்து, மன்னிப்புக் கேட்டு, கலந்தாலோசனைக்குப் போக வேண்டியதாயிற்று. முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கடைசியில் கேட்டார்கள்.

சரி, இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். டாசன் 2004-இல் கனடா உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கில் தலையிட்டதையும் சொன்னேன். ஆட்டிசக் குழந்தைகளுக்கான பயிற்சிக்கு அரசு பணம் தர வேண்டுமா என்று பெற்றோரும் அரசும் வாதாடிய வழக்கு அது. ஆட்டிச நிலையாளர்களின் தரப்பைச் சொல்ல உள்ளே போனவர் டாசன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அந்தம்மா சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிருக்காங்க. இவனுக்குப் பல்லு வலிக்குதுன்னு சொல்லத் தெரியல. ரெண்டும் ஒண்ணாடி?”

நியாயமான கேள்வி. உலகம் முழுக்க நிறையப் பெற்றோர் கேட்பது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2021 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, நாள் முழுக்கத் துணை தேவைப்படுபவர்களுக்கென்று தனியாக ஒரு வகைப்பாடே வேண்டும் என்றது. பேசக்கூடியவர்களின் குரலில் இவர்கள் காணாமல் போகிறார்கள் என்ற கவலை அதில் இருக்கிறது. எனக்கும் அந்தக் கவலை உண்டு. டாசன் என் தம்பி ஆக முடியாது. ஆனால் அவனுடைய காதுக்குக் குக்கர் விசில் எப்படிக் கேட்கும் என்பதை ஊகிக்க, என்னைவிட, மையத்து மிஸ்ஸைவிட, அதே மாதிரிக் காது உள்ளவருக்குத்தான் வாய்ப்பு அதிகம். அவர்கள் சொல்வதை வைத்து ஊகிப்போம், தம்பியிடமே சரிபார்ப்போம்.

சரிபார்ப்பதில் ஒரு எச்சரிக்கை தேவை. பேசாதவரின் கையைப் பிடித்து எழுத்துகளைத் தொடவைத்து, இது அவர் சொன்னது என்று காட்டும் முறை ஒன்று உண்டு. 1990-களில் கவனமாகச் சோதித்தபோது, எழுதியது கையைப் பிடித்தவர்தான் என்று தெரிந்தது. ஆசையில் நாமே அவர்களுக்குப் பதிலாகப் பேசிவிடுவதும் அவர்களைக் கேட்காததுதான். தம்பி தானாக என்ன தொடுகிறான், எதைத் தள்ளுகிறான், எங்கிருந்து எழுந்து போகிறான் என்பதைப் பொறுமையாகச் சேர்த்துவைப்பதைத் தவிர குறுக்குவழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்யும் ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். நல்ல பெண், அம்மாவிடம் பரிவாகப் பேசினார். படிவத்தின் தலைப்பு பராமரிப்பாளர் சுமை. உங்கள் பிள்ளையால் உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போக முடியாமல் போகிறதா, உங்கள் தூக்கம் கெடுகிறதா, உங்கள் எதிர்காலம் பாழாகிவிட்டதாக நினைக்கிறீர்களா. தம்பி இரண்டடி தள்ளி தரையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பேச்சு குறைவு. காது நன்றாகக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் எழுந்து வெளியே போய், அந்தப் பெண்ணின் செருப்பை எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தான்.

“அவன்கிட்டயும் ஏதாவது கேளுங்களேன்மா” என்றேன். படிவத்தில் இடம் இல்லையே அக்கா, கைடு ஒத்துக்கொண்ட படிவம் இது மட்டும்தான் என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மாவின் களைப்பு நிஜம், அதை யாராவது அளக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆய்வின் காரணமே அவன்தான், அவனைப் பற்றி அதில் இருந்தது பெயர், வயது, சான்றிதழ் சதவீதம்.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் பலரும் நினைப்பதைவிட முன்னே நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 6. மாற்றுத்திறனாளி எவரையும், அவருக்கு எட்டும் தொடர்பு முறையில் விளக்கி, அவருடைய சுதந்திரமான சம்மதம் பெறாமல் ஆய்வுக்கு உட்படுத்தக் கூடாது. அதோடு, அரசு அமைக்கும் ஆய்வுக் குழுவின் முன் அனுமதியும் வேண்டும். அந்தக் குழுவில் பாதிக்குக் குறையாதவர்கள் மாற்றுத்திறனாளிகளாகவோ பதிவுபெற்ற அமைப்புகளின் உறுப்பினர்களாகவோ இருக்க வேண்டும்.

இந்த ‘அமைப்புகளின் உறுப்பினர்களாகவோ’ என்பதில்தான் கதவு திறந்து கிடக்கிறது. பதிவுபெற்ற அமைப்பு என்றால் பெற்றோர் சங்கமும் தொண்டு நிறுவனமும் அடங்கும் என்று அதே சட்டம் சொல்கிறது. அதனால் ஓர் ஆட்டிச நிலையாளர்கூட இல்லாமல் அந்தப் பாதியை நிரப்பிவிடலாம். பெற்றோர் இருக்கட்டும், என் அம்மா மாதிரி ஆட்கள் கட்டாயம் இருக்கட்டும். கூடவே ஆட்டிச நிலையாளர்களும் இருக்க வேண்டும், வந்துபோகும் செலவும் உழைப்புக்குச் சம்பளமும் கொடுத்து, எழுத்தில் கருத்துச் சொல்ல வழிசெய்து.

அந்தப் பிரிவை அச்சடித்து பீரோவில் தம்பியின் காகிதங்களோடு வைத்திருக்கிறேன். அடுத்து யார் படிவத்தோடு வந்தாலும் உட்காரச் சொல்லி, காபி கொடுத்துவிட்டுக் கேட்கப் போகிறேன்: குழுவின் அனுமதி எங்கே? அந்தக் குழுவில் ஆட்டிச நிலையாளர் இருக்கிறாரா? தம்பிக்குப் படம் போட்டு விளக்கும் சம்மதத் தாள் கொண்டுவந்திருக்கிறீர்களா? பாதியில் அவன் உங்கள் செருப்பைக் கொண்டுவந்து வைத்தால், ‘சம்மதிக்கவில்லை’ என்று எழுதிவிட்டு எழுந்து போவீர்களா?